பிரையன் க்ளஃப்: கடிதம்

வணக்கம். இங்கிலாந்துக் கால்பந்து மேனேஜர் (பயிற்சியாளர்) பிரையன் க்ளஃப் பற்றிய படம் ஒன்று பார்த்தேன். 1974இல் லீட்ஸ் யுனைடெட் அணியில் மேனேஜராகச் சேர்ந்து 44 நாளில் வேலை போன கதை. பார்த்து முடித்ததும், இவர் வெறும் வாய்ச்சவடால் ஆள்தானோ என்று தோன்றியது. துணை மேனேஜர் பீட்டர் டெய்லர் பக்கத்தில் இல்லாவிட்டால் இவர் பூஜ்யம் என்று என் நண்பன் அடித்துச் சொல்கிறான். ஆட்டக்காரராகவாவது க்ளஃப் பெரிய ஆளா?
எஸ்.

அன்புள்ள எஸ்.,

பெரிய ஆள்தான். மிடில்ஸ்பரோ, சண்டர்லாந்து அணிகளுக்காக 274 லீக் ஆட்டங்களில் 251 கோல். கிட்டத்தட்ட எல்லாமே லீக்கின் இரண்டாம் அடுக்கான இரண்டாம் டிவிஷனில் அடித்தவை என்று மட்டம் தட்டுபவர்கள் உண்டு, இங்கிலாந்து அணிக்கு இரண்டே ஆட்டங்கள்தான் ஆடினார் என்பதும் உண்மை. இருந்தாலும் எந்த டிவிஷனாக இருந்தால் என்ன, ஆட்டத்துக்கு ஒரு கோல் என்ற கணக்கை வருஷக்கணக்கில் விடாமல் ஓட்டுவதற்குத் தனித் திறமை வேண்டும்.

அப்புறம் 1962 டிசம்பர் 26. பரி அணியோடு ஆட்டம், எதிரணி கோல்கீப்பரோடு மோதி முழங்கால் தசைநார்கள் அறுந்தன. வயது 27. பின்னால் திரும்பி வந்து மூன்று ஆட்டம் ஆடிப் பார்த்தார், முடியவில்லை. 30 வயதில், நாலாம் டிவிஷனில் அடிமட்டத்தில் கிடந்த ஹார்ட்டில்பூல்ஸில் மேனேஜர்.

என் கணிப்பில் அவருடைய மேனேஜர் வாழ்க்கைக்கான சாவி மிடில்ஸ்பரோவில்தான் இருக்கிறது. நான் இந்தப் பக்கம் அடிக்க அடிக்க நீங்கள் அந்தப் பக்கம் விட்டுக்கொண்டே இருக்கிறீர்களே என்று தன் தடுப்பாட்டக்காரர்களோடு அவர் ஓயாமல் மல்லுக்கு நின்ற காலம் அது. 1960 அக்டோபரில் சார்ல்டன் அணியோடு ஓர் ஆட்டம், க்ளஃப் மூன்று கோல் போட்டார், முடிவு 6-6! அந்த எரிச்சல் அவரை விட்டுப் போகவே இல்லை என்று நினைக்கிறேன். பின்னால் அவர் மேனேஜராக இருந்த நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் அணி 1977இல் உச்ச அடுக்கான முதல் டிவிஷனுக்கு ஏறியதும் பீட்டர் ஷில்டன் என்ற கோல்கீப்பரைப் பெரிய விலை கொடுத்து வாங்கினார். பர்மிங்காமில் முன்கள வீரராக ஆடிக்கொண்டிருந்த, முரடன் என்று பெயரெடுத்த கென்னி பர்ன்ஸைக் கொண்டுவந்து தடுப்பாட்டத்தின் நடுவில் நிறுத்தினார். ஏறிய அதே சீசனில் லீக் பட்டம். லீக் கப் என்பது தனியான நாக்-அவுட் போட்டி, அதையும் வென்றார்கள். 42 ஆட்டங்களில் வாங்கிய கோல் வெறும் 24. அடுத்து 1979இலும் 1980இலும் ஐரோப்பியக் கோப்பை (இன்றைய சாம்பியன்ஸ் லீக்), இரண்டு இறுதியாட்டங்களும் 1-0. கோல் அடித்தே பேர் வாங்கிய மனிதர் கட்டிய அணி இது.

டெய்லர் விஷயத்துக்கு வருகிறேன். அவர் மிடில்ஸ்பரோவில் கோல்கீப்பராக இருந்தவர், இளம் க்ளஃபின் அருமையை முதலில் கண்டுகொண்டவர்களில் ஒருவர். யாரை வாங்கலாம், யாரைக் கழற்றிவிடலாம் என்று பார்க்கும் கண் அவருடையது. வந்தவனை நம்பவைத்து ஆடவைப்பது க்ளஃப். தொப்பையும் சிகரெட்டுமாக இருந்த ஜான் ராபர்ட்சனைத்தான் பாருங்களேன், 1979 இறுதியில் ட்ரெவர் ஃபிரான்சிஸ் தலையால் முட்டிய பந்தை அனுப்பியது அவர், 1980இல் ஒரே கோலை அடித்ததும் அவரே. க்ளஃப் பெரிதாக வியூகம் எதுவும் போதிக்கவில்லை. பந்தைத் தரையில் வை, நம்ம ஆளுக்குக் கொடு, அவ்வளவுதான். பந்து மேகத்தில்தான் பறக்கவேண்டும் என்றால் கடவுள் அங்கே புல் முளைக்க வைத்திருப்பாரே என்று கிண்டலடித்தவர்.

லீட்ஸுக்கு டெய்லர் போகவில்லை, அதுவரை இருவரும் சேர்ந்து நடத்திய பிரைட்டன் அணியிலேயே தங்கிவிட்டார். வருஷக்கணக்கில் பத்திரிகையிலும் டிவியிலும் தான் திட்டித் தீர்த்த அணிக்கே, அதுவும் லீக் பட்டம் வென்று மூன்று நாலு மாதமே ஆன அணிக்கு, க்ளஃப் தனியாகப் போய் நின்றார். டெய்லர் கூட இருந்திருந்தாலும் அது தேறியிருக்காது என்பது என் அபிப்பிராயம்.

பூஜ்யம் என்பதைத்தான் ஒப்புக்கொள்ள முடியாது. 1982இல் டெய்லர் ஃபாரஸ்டை விட்டுப் போனபிறகு க்ளஃப் 1989, 1990 என்று அடுத்தடுத்து இரண்டு லீக் கப் வென்றார், 1991இல் எஃப்.ஏ. கப் இறுதிவரை போனார். 1993இல் அணி கீழ் டிவிஷனுக்கு இறங்க, அவரும் ஓய்வு பெற்றார். டெய்லர் போனபிறகு லீக் பட்டமோ ஐரோப்பியக் கோப்பையோ வரவில்லை. அந்த இடத்தில் உங்கள் நண்பரோடு நான் சண்டைக்கு வரமாட்டேன்.