ஏற்காட்டில் வீட்டுக்கு வந்த மாத்திரை அம்மாபேட்டையில் வரவில்லை: பதில்

சேலம் அம்மாபேட்டையில் உங்கள் தெருவுக்கான நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், வீடு தேடி மாத்திரை தரும் அரசுத் திட்டமான ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பட்டியலில் உங்கள் அம்மாவின் பெயரைச் சேர்க்கச் சொல்லுங்கள். அதற்காக மறுபடி மலையேற வேண்டாம்.

ஏற்காட்டில் வந்துகொண்டிருந்த பிரஷர் மாத்திரை, கீழே குடிவந்த பிறகு இரண்டு மாதமாக வரவில்லை என்கிறீர்கள். தன்னார்வலர்கள் அவரவர் பகுதிப் பட்டியலை வைத்துத்தான் வீடு வீடாகப் போவார்கள். அம்மாவின் பெயர் இன்னும் மேலேயே இருக்கும் என்று நினைக்கிறேன்.

போகும்போது பழைய மருத்துவச் சீட்டு, ஆதார், காலி மாத்திரை அட்டை மூன்றையும் கொண்டுபோங்கள். என் அப்பாவுக்குச் சேர்த்தபோது அந்த அட்டைதான் உதவியது, பின்பக்கம் மருந்தின் பெயரும் மில்லிகிராமும் அப்படியே இருந்தன. எந்த நிலையம் என்று தெரியாவிட்டால் 104 என்ற அரசு மருத்துவ உதவி எண்ணில் கேளுங்கள். அம்மா பக்கவாதம் வந்தவர் என்பதால் வீட்டுக்கு வந்து தரும் பிசியோதெரபியையும் சேர்த்தே கேட்டுவிடுங்கள்.

ஒன்று மட்டும்: பெயர் ஏறும்வரை காத்திருந்து மாத்திரையை விட்டுவிடாதீர்கள், அன்றைக்கே டாக்டரிடம் காட்டி வாங்குங்கள். அளவைத் தன்னார்வலர் மாற்ற முடியாது. வாய் கோணினாலோ பேச்சு குழறினாலோ உடனே 108.