விற்காத புத்தகங்கள் இருக்கும் கடைகள் (வாசகர் கடிதமும் பதிலும்)

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

வணக்கம். சேரன்மகாதேவி பக்கம் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். நீங்கள் எழுதுவதை விடாமல் வாசிப்பேன். கடிதம் எழுதுவது இதுதான் முதல்.

மே மாதம் சென்னை அம்பத்தூரில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போகிறேன். நாலு நாளைப் புத்தகக் கடைகளுக்கென்றே ஒதுக்கி வைக்க ஆசை. போன தடவை தம்பி ஒரு மாலில் இருந்த பெரிய கடைக்குக் கூட்டிக்கொண்டு போனான். தமிழுக்கு ஒரே ஒரு அலமாரி. அதிலும் பாதி சுயமுன்னேற்றம், மீதி சமையல். “எல்லாம்தான் ஆன்லைன்ல வருதே, இதுக்குப் போயா வெயில்ல அலையப் போற?” என்று இப்போதே கேலி செய்கிறான். எனக்குத் தாமிரபரணிக் கரை வரலாறு, ஆதிச்சநல்லூர், நம் பக்கத்துக் கதைப்பாடல்கள் எல்லாம் பிடிக்கும். பள்ளிப் பிள்ளைகளுக்கும் கொஞ்சம் வாங்க வேண்டும். நல்ல சின்னக் கடைகளாக ஒரு பட்டியல் தருவீர்களா?

எஸ்.,
சேரன்மகாதேவி

அன்புள்ள டீச்சருக்கு,

நீங்கள் போகிற நேரம் கத்திரி வெயில். அதனால் ஒரு நாளைக்கு ஒரு வட்டாரம், அதற்கு மேல் வேண்டாம். திருநெல்வேலி ஜங்ஷனில் ஏறி டவுனில் இறங்குகிற நினைப்பில் திருவான்மியூரையும் அம்பத்தூரையும் ஒரே நாளில் வைத்துக்கொண்டால் பாதி நாள் பஸ்ஸிலேயே போய்விடும்.

தம்பி சொல்வதில் பாதி சரிதான். புத்தகத்தின் பெயரும் எழுதியவர் பெயரும் தெரிந்திருந்தால் வீட்டில் உட்கார்ந்தே வாங்கலாம், நானும் அப்படித்தான் வாங்குகிறேன். ஆனால் உங்களுக்கு வேண்டியதன் பெயரே உங்களுக்குத் தெரியாதே! தேடுகிற பெட்டியில் எதைத் தட்டுவீர்கள்? ‘தாமிரபரணி’ என்று தட்டிப் பாருங்கள், நாலு நாவலும் ஒரு சுற்றுலாக் கையேடும் வரும்.

மால் கடையையும் குறை சொல்ல மாட்டேன். அங்கே வாடகை சதுர அடிக் கணக்கு. விலையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் கடைக்காரருக்குக் கழிவாகக் கிடைக்கும். பல கடைகளில் புத்தகம் விற்ற பிறகுதான் பதிப்பாளருக்குப் பணம், விற்காவிட்டால் திருப்பிவிடுவார்கள். அப்புறம் வருஷத்துக்கு ரெண்டு பிரதி போகிற கதைப்பாடல் புத்தகத்தை யார் அலமாரியில் வைப்பார்கள்? நீங்கள் தேடிப் போக வேண்டியது விற்காத புத்தகத்தையும் வைத்திருக்கிற இடங்களை. பெரும்பாலும் அவை பதிப்பகங்களின் சொந்த விற்பனையகங்கள், அரசுத் துறைகளின் விற்பனைப் பிரிவுகள், பழைய புத்தகக்காரர்கள். முன்பெல்லாம் தமிழில் ஒரு பதிப்பு என்றால் 1000, 1200 பிரதி அடிப்பார்கள். அது தீர வருஷக்கணக்கில் ஆகும். அப்படித் தீராமல் கிடப்பதுதான் உங்களுக்கு லாபம். இப்போது கேட்கக் கேட்க நூறு நூறாக அடித்துக்கொள்கிறார்கள். அதில் பணம் முடங்காது, நல்லதுதான். ஆனால் பழைய இருப்பு என்று ஒன்று இனிமேல் சேராது.

எழும்பூரில் ஆரம்பியுங்கள். நம்ம ரயில் வந்து நிற்கிற இடம். ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே ஹால்ஸ் சாலையில் தமிழ் வளர்ச்சி வளாகம் இருக்கிறது. தொல்லியல் துறை அங்கேதான். அதைப் புத்தகக் கடை என்று யாரும் சொல்ல மாட்டார்கள், ஆனால் உங்களுக்குச் சென்னையிலேயே முக்கியமான புத்தகக் கடை அதுதான். அகழாய்வு நூல்கள், மாவட்ட வாரியான கல்வெட்டுத் தொகுதிகள், ‘கல்வெட்டு’ என்ற காலாண்டிதழ் எல்லாம் அவர்கள் வெளியீடு. அரசு விலை என்பதால் பர்ஸ் தாங்கும். ஆதிச்சநல்லூர் பக்கத்துச் சிவகளையில் முதுமக்கள் தாழிக்குள் இருந்த நெல்லின் காலம் கி.மு. 1155 என்று 2021இல் சட்டமன்றத்தில் அறிவித்தார்களே, பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்பீர்கள். 2025 ஜனவரியில் ‘இரும்பின் தொன்மை’ என்ற நூலை இதே துறை வெளியிட்டது. சிவகளை இரும்பை கி.மு. நாலாம் ஆயிரத்தாண்டு வரை கொண்டு போகிறார்கள். அந்தக் கணக்கைப் பற்றி ஆய்வாளர்களுக்குள் இன்னும் வாதம் நடக்கிறது. வகுப்பில் சொல்லும்போது அந்த வாதத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள், பிள்ளைகளுக்கு அதில்தான் ருசி. ஆபீஸ் நேரம், வேலை நாள் பார்த்துப் போக வேண்டும். “புத்தகம் வாங்கணும்” என்றால் யாரைப் பார்க்க வேண்டும் என்று ஒருவர் கை காட்டுவார், அவர் இன்னொருவரைக் கை காட்டுவார். பொறுமையாக இருங்கள்.

அதே நாளில் பாந்தியன் சாலை அருங்காட்சியகத்துக்கும் போய்விடுங்கள். வெள்ளிக்கிழமை விடுமுறை. அலெக்சாண்டர் ரீ என்பவர் 1899 தொடங்கிச் சில ஆண்டுகள் ஆதிச்சநல்லூரில் தோண்டி எடுத்த வெண்கலமும் இரும்பும் பொன் நெற்றிப்பட்டங்களும் அங்கே வந்து சேர்ந்தவைதான். ரீயின் பெயரையும் பொன் பட்டத்தையும் புத்தகத்தில் படித்த கையோடு பொருளையும் பார்க்கிற வசதி வேறெங்கும் இல்லை. 1896இல் திறந்த கன்னிமாரா நூலகமும் அதே வளாகம்தான். வெயில் ஏறிய பிறகு உட்கார நல்ல இடம்.

மறுநாள் பிராட்வே. பிரகாசம் சாலை என்றால் பஸ்காரர்களுக்குச் சட்டென்று புரியாது, பிராட்வே என்றே கேளுங்கள். சைவசித்தாந்த நூற்பதிப்புக் கழகம் பல தலைமுறையாக அங்கே கடை வைத்திருக்கிறது. பழைய கழகப் பதிப்பு ஒன்றைக் கையில் எடுத்துத் தலைப்புப் பக்கத்தைப் பாருங்கள். முழுப்பெயர் ‘திருநெல்வேலித் தென்னிந்திய சைவசித்தாந்த நூற்பதிப்புக் கழகம்’ என்று நீளும். அதற்குக் கீழே ‘திருநெல்வேலி-6, சென்னை-1’ என்று போட்டிருக்கும். அந்த 6 நம்ம டவுன்தான். 1920இல் நெல்லைக்காரர்கள் ஆரம்பித்த கழகம் அது. திருவரங்கம் பிள்ளை, சுப்பையா பிள்ளை பெயர்களை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். சங்க இலக்கியத்துக்கு உரையோடு மலிவாகப் பதிப்பு வேண்டும் என்றால் ரெண்டு தலைமுறைத் தமிழாசிரியர்களுக்குக் கழகத்தை விட்டால் வேறு கதி இல்லை. எங்கள் வீட்டில் இருந்ததில் பாதி கழகப் பதிப்புதான். அங்கே போய்ப் புது வெளியீடு எது என்று கேட்காதீர்கள், எது தீரப்போகிறது என்று கேளுங்கள். ‘அட்டை கொஞ்சம் அழுக்கு, பரவாயில்லையா?’ என்று ஒரு பிரதி உள்ளே இருந்து வந்தால் யோசிக்காமல் வாங்கிவிடுங்கள்.

பக்கத்தில் ஹைகோர்ட்டைச் சுற்றிச் சட்டப் புத்தகக் கடைகள் இருக்கின்றன. நமக்கு அங்கே வேலை இல்லை. ஆனாலும் ஒரு கடை வாசலில் நின்று, வக்கீல் ஒருவர் செக்‌ஷன் நம்பர் மட்டும் சொல்லக் கடைப் பையன் பார்க்காமலே கையை விட்டு அந்தப் புத்தகத்தை உருவுவதைப் பாருங்கள். ஒரே துறையை விற்கிற கடை என்றால் என்ன என்று அந்த ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

கதைப்பாடலுக்கு நீங்கள் வெளியே போகவே வேண்டாம். தம்பி இருக்கிற அம்பத்தூரில், சிட்கோ தொழிற்பேட்டையில்தான் நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் இருக்கிறது. 1951இல் தொடங்கிய நிறுவனம். நா. வானமாமலை பாளையங்கோட்டையில் டுடோரியல் காலேஜ் நடத்திக்கொண்டே கட்டபொம்மன் கதையையும் முத்துப்பட்டன் கதையையும் பதிப்பித்தவர். அவர் நூல்கள் பல இவர்கள் வெளியீடாக வந்தவை. அடுத்து கோடம்பாக்கம் டிரஸ்ட்புரத்தில் காவ்யா. தென்மாவட்ட நாட்டார் வழக்காறு என்றால் அங்கே ஒரு சுற்று சுற்றாமல் திரும்பக் கூடாது. பெரிய கடை என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள், தெருவுக்குள் இருக்கிற பதிப்பகம்தான். போன் பண்ணிவிட்டுப் போங்கள். சின்ன இடங்கள் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும், மதியச் சாப்பாட்டுக்குப் பூட்டியிருப்பார்கள். இன்னொன்று, இந்த மாதிரி இடங்களில் பெண்களுக்கு டாய்லெட் வசதியை நம்ப முடியாது. கடைகளைப் பற்றி எழுதுகிற ஆண்கள் யாரும் இதை எழுதுவதில்லை.

பிள்ளைகளுக்குத் தேனாம்பேட்டை. இளங்கோ சாலையில் பாரதி புத்தகாலயம். பத்து இருபது ரூபாய்க்கும் சிறுவர் புத்தகம் போட்டவர்கள். ஒரு வகுப்புக்கே அள்ளிக்கொண்டு வரலாம். கணபதி காலனியில் தூலிகா. படப் புத்தகங்களைத் தமிழ், ஆங்கிலம் உட்பட ஒன்பது மொழிகளில் போடுகிறவர்கள். விலை கூடத்தான், ஆனால் ரெண்டு மொழியும் ஒரே பக்கத்தில் இருக்கிற புத்தகங்களை ஆறாம் வகுப்புக்குக் கொடுத்துப் பாருங்கள்.

திருவான்மியூருக்குச் சாயங்காலம் போங்கள். பறக்கும் ரயில் இருக்கிறது. பனுவல் புத்தகக் கடையில் பல பதிப்பகங்களின் புத்தகமும் கலந்து இருக்கும், வரலாறும் சமூகமும் நல்ல சேர்மானம். குப்பம் கடற்கரைச் சாலையில் தாரா புக்ஸ் கட்டடம். அவர்கள் கையால் அச்சிட்ட ஒரு புத்தகத்தை எடுத்துப் பக்கத்தின் மேல் விரலை ஓட்டுங்கள். ஒவ்வொரு வண்ணத்தையும் தனித்தனித் திரையில் இழுத்து அச்சிடுகிறார்கள், மை காகிதத்தின் மேல் லேசாகத் தடித்து விரலில் தட்டும். வாங்க முடியாத விலையாக இருந்தால் பார்த்துவிட்டு வாருங்கள், ஒன்றும் சொல்ல மாட்டார்கள். நவீன இலக்கியமும் சிற்றிதழும் வேண்டும் என்றால் கே.கே. நகர் டிஸ்கவரி புக் பேலஸ். ஹிக்கின்பாதம்ஸை 1844இல் ஆரம்பித்தார்கள் என்பதற்காக அண்ணா சாலையில் ஒரு தடவை உள்ளே போய் அண்ணாந்து பார்க்கலாம், உங்கள் தேடலுக்கு அங்கே அதிகம் இல்லை.

பழைய புத்தகம்தான் மிச்சம். மூர் மார்க்கெட் 1985இல் எரிந்த பிறகு வியாபாரிகளுக்குச் சென்ட்ரல் பக்கம் அல்லிக்குளம் வளாகத்தில் இடம் கொடுத்தார்கள். இப்போது அங்கே பாடப் புத்தகம், போட்டித் தேர்வுப் புத்தகம்தான் அதிகம். ஞாயிற்றுக்கிழமை திருவல்லிக்கேணி பாரதி சாலை நடைபாதை பரவாயில்லை, லஸ் பக்கமும் உண்டு. ஒரு எச்சரிக்கை. பழைய தமிழ்ப் புத்தகத்தை அட்டையைப் பார்த்து வாங்காதீர்கள், பாரத்தை எண்ணுங்கள். ஒரே தாளில் அச்சிட்டு மடித்த பக்கக் கட்டுதான் பாரம், ஒரு பாரம் 16 பக்கம். பைண்டிங்கில் ஒரு பாரம் விட்டுப்போயிருக்கும், அல்லது ஒரே பாரம் ரெண்டு தடவை வந்திருக்கும். 32ஆம் பக்கத்துக்குப் பிறகு 33 வருகிறதா, 96க்குப் பிறகு 97 வருகிறதா என்று பாரம் மாறுகிற இடங்களை மட்டும் புரட்டினால் போதும், முழுதும் பார்க்க வேண்டாம். நூலக முத்திரை இருந்தால் தயங்காதீர்கள், கழித்துக் கட்டிய புத்தகமாக இருக்கும். முத்திரையோடு நூலக அட்டையும் புத்தம் புதிதாக இருந்தால் மட்டும் கீழே வைத்துவிடுங்கள், திருட்டுப் புத்தகமாக இருக்கலாம்.

கடையில் எப்படிக் கேட்பது என்பதும் ஒரு விஷயம். “நல்ல புத்தகம் ஏதாவது இருக்கா?” என்றால் கடைக்காரர் விருது வாங்கிய நாவலை நீட்டுவார், அவர் மேல் தப்பில்லை. “சேரன்மகாதேவிக் கல்வெட்டு பற்றி ஏதாவது உண்டா?” என்று கேளுங்கள். இல்லை என்று சொல்லிவிட்டு, ரெண்டு நிமிஷம் கழித்து ஏணியை எடுத்துப் போடுகிறவர் இருக்கிறாரே, அவர் கடைக்குத்தான் மறுபடியும் போக வேண்டும். பேச்சைக் கேட்டு “தின்னவேலியா?” என்பார்கள். ஆமாம் என்று சொல்லுங்கள், ஒரு காபியாவது வரும்.

கிளம்புவதற்கு முன்னால் ஒரு வேலை. பாளையங்கோட்டைக்குப் போய்த் தூய சவேரியார் கல்லூரி நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையத்தில் அவர்கள் வெளியீடுகளைக் கேட்டுப் பாருங்கள். சேரன்மகாதேவியில் இருந்து ஒரு பஸ். அங்கே கிடைப்பதை எதற்கு எழுநூறு கிலோமீட்டர் போய்ச் சுமந்துகொண்டு வர வேண்டும்?

சுமை என்றதும் ஞாபகம் வருகிறது. பதிவுப் புத்தகத் தபால் என்று மலிவாக ஒரு வசதி இருந்தது, 2024 டிசம்பரோடு அதை எடுத்துவிட்டார்கள். கூரியரும் பார்சலும் புத்தகத்தின் எடைக்குக் கட்டுப்படியாகாது. கல்வெட்டுத் தொகுதிகள் கனம். அவற்றைத் துணிகளுக்கு நடுவில் வைத்து ரயிலிலேயே கொண்டு வந்துவிடுங்கள். பள்ளிக்கு வாங்குவதைத் தனி பில்லாக, பள்ளியின் பெயரில் போடச் சொல்லுங்கள். பத்து சதவீதக் கழிவு எல்லோரும் தருவதுதான், பள்ளிக்கு என்றால் கூடத் தருகிறவர்களும் உண்டு, கேட்கலாம். நடைபாதைக்காரரிடம் மட்டும் ரொம்ப அடித்துப் பேசாதீர்கள்.

அன்புடன்,
அண்ணாச்சி