நாலு விரல் அகலம்: விளையாட்டு மாஸ்டரிடம் கேட்டவை

அட்டன் பக்கத் தோட்டப் பாடசாலைகளில் முப்பத்தொரு வருடம் உடற்கல்வி படிப்பித்து ஓய்வு பெற்றவன் நான். உலகப் போட்டிகள், வீரர்கள் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று போன கிழமை வாய்விட்டேன். கேள்விகள் வந்து குவிந்துவிட்டன. ஆட்களின் பெயரை எடுத்துவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

பொகவந்தலாவை: சேர், ஒலிம்பிக் பதக்கத்துக்கும் நம்ம மலைநாட்டுக்கும் ஏதாவது தொடுப்பு இருக்கா?

இருக்கிறது, கண்டி வழியாக. டங்கன் வைட் கண்டி திரித்துவக் கல்லூரியில் படித்தவர். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் 400 மீற்றர் சட்டவேலி ஓட்டத்தை, அதாவது தடை தாண்டும் ஓட்டத்தை, 51.8 செக்கனில் ஓடி வெள்ளி எடுத்தார். அவருக்கு முன்னால் வந்த அமெரிக்கர் ரோய் கொக்ரனுக்கு 51.1. நாடு சுதந்திரமடைந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. அடுத்த பதக்கத்துக்கு 52 வருடம் காத்திருந்தோம். இன்னும் அந்த இரண்டுதான் கணக்கு.

அதே 1948 நவம்பரில்தான் பிரஜாவுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்து, லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், இருந்த நம்முடைய தாத்தா பாட்டிமார் நாடற்றவர்கள் ஆனார்கள். வகுப்பில் இரண்டையும் ஒரே கரும்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் போடுவேன். “சேர், இது விளையாட்டுப் பாடமா, சரித்திரப் பாடமா?” என்று பிள்ளைகள் கேட்பார்கள். நாட்டின் பெனியனைப் போட்டு ஓட வேண்டுமென்றால் முதலில் நாடு ஒன்று வேண்டுமே!

நானுஓயா: சுசந்திகா எடுத்தது வெண்கலமா, வெள்ளியா? எங்கள் வீட்டில் இதற்கே ஒரு சண்டை.

இரண்டு பேரும் சரி, சண்டையை நிறுத்துங்கள். 2000 சிட்னி 200 மீற்றரில் சுசந்திகா ஜயசிங்க மூன்றாவதாக வந்தார், வெண்கலம். முதலில் வந்த மரியன் ஜோன்ஸ் ஊக்கமருந்து எடுத்ததை 2007-இல் ஒப்புக்கொண்டு பதக்கங்களை இழந்தார். 2009 கடைசியில் சுசந்திகாவின் வெண்கலம் வெள்ளியானது.

நான் உங்களுக்குச் சொல்ல விரும்புவது வேறு கணக்கு. இரண்டாவதாக வந்த பஹாமஸ் நாட்டு போலின் டேவிஸ் தொம்சனுக்கு 22.27, சுசந்திகாவுக்கு 22.28. செக்கனின் நூறில் ஒரு பங்கு. அந்த வேகத்தில் அது வெறும் 9 சென்ரிமீற்றர். கையை விரித்துப் பாருங்கள், நாலு விரல் அகலத்துக்குக் கொஞ்சம் கூட. அந்த நாலு விரல் இந்தப் பக்கம் இருந்திருந்தால் ஒன்பது வருடம் கழித்து அவருக்கு வந்திருப்பது வெள்ளியல்ல, தங்கம்.

மஸ்கெலியா: மகன் பாடசாலைப் போட்டியில் 100 மீற்றரை 11.2-இல் ஓடினான். மாகாணப் போட்டியில் 11.47 என்று போட்டார்கள். ஏமாற்றிவிட்டார்களா சேர்?

இல்லை தம்பி. பாடசாலையில் கையால் அமத்தும் கடிகாரம், அங்கே தானாக நேரம் எடுக்கும் மின்னியல் கடிகாரம். கையால் எடுத்த நேரத்தை ஒப்பிட வேண்டுமென்றால் 100, 200 மீற்றருக்கு 0.24 செக்கன் கூட்டிக்கொள்வது வழக்கம். 11.2 என்பது 11.44 ஆகிறது. உங்கள் மகன் இரண்டு தரமும் கிட்டத்தட்ட ஒரே ஓட்டம்தான் ஓடியிருக்கிறான்.

இதில் நம் ஊர் வியாதி ஒன்று உண்டு. முடிவுக்கோட்டில் நிற்பவர் துப்பாக்கிச் சத்தத்தைக் கேட்டு அமத்தக் கூடாது, புகையைப் பார்த்து அமத்த வேண்டும். சத்தம் 100 மீற்றர் வந்து சேர 0.3 செக்கன் பிடிக்கும், அந்த நேரமெல்லாம் பிள்ளைக்கு இனாம். நம்மிடம் துப்பாக்கி ஏது, விசில்தானே? விசிலுக்குப் புகை வராது. அதனால் நான் இரண்டு பலகைத் துண்டைப் பிணைச்சல் போட்டுச் சேர்த்து, உள்பக்கம் வெள்ளை பூசி வைத்திருந்தேன். அடித்து மூடும்போது வெள்ளை மறையும், அதுதான் நம் புகை.

அளவு பற்றிப் பேசும்போது என் மனதில் கிடக்கும் ஒரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரு வருடம் வலயப் போட்டி. காலையில் போட்ட சுண்ணாம்புக் கோடு பத்து மணி மழையில் கழுவிப்போனது. மத்தியானம் அவசரத்தில் மரத்தூளைக் கொண்டு கண் மட்டத்துக்குத் திரும்பக் கோடு போட்டார்கள். வளைவில் வெளிச் சுவட்டுப் பிள்ளை எவ்வளவு முன்னால் நிற்க வேண்டும் என்பதை யாரும் அளக்கவில்லை. கடைசிச் சுவட்டில் ஓடிய சிறுமி ஒரு நெஞ்சளவில் இரண்டாவதாக வந்தாள். எல்லாரும் போன பிறகு நாடாவைப் பிடித்துப் பார்த்தேன். அவள் மற்றவர்களைவிட இரண்டு மீற்றருக்குக் கிட்டக் கூடுதலாக ஓடியிருந்தாள். நாடா ஓட்டத்துக்கு முன்னாலும் என் பைக்குள்தான் இருந்தது. அந்தப் பிள்ளை எங்கள் பாடசாலையும் இல்லை, நான் ஏன் வாய் திறப்பான் என்று இருந்துவிட்டேன். அதற்குப் பிறகு எந்தப் போட்டிக்குப் போனாலும் முதலில் வளைவைத்தான் அளப்பேன்.

இராகலை: கென்யாக்காரர்கள் மலையில் பிறந்ததால் ஓடுகிறார்கள் என்கிறார்கள். நாமும் மலையில்தானே பிறந்தோம்?

நல்ல கேள்வி, குத்தலான கேள்வி. நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். கடல் மட்டத்தைவிட இங்கே காற்றழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஒரு மூச்சில் கிடைக்கும் ஒட்சிசன் குறையக் குறைய, உடம்பு சிவப்பணுக்களைக் கூட்டிச் சமாளிக்கிறது. அதற்கு ஒரு நாள் இரண்டு நாள் போதாது, கிழமைக்கணக்கில் அங்கேயே இருக்க வேண்டும்.

இதை உலகம் முழுக்கக் கண்ணால் பார்த்தது 1968 மெக்சிக்கோ ஒலிம்பிக்கில். நகரம் 2,240 மீற்றரில். காற்று மெலிந்ததால் குறுந்தூரமும் பாய்ச்சலும் பறந்தன. பொப் பீமன் 8.90 மீற்றர் பாய்ந்தார், பழைய சாதனையைவிட 55 சென்ரிமீற்றர் கூட! நெடுந்தூரத்தில் சமவெளிக்காரர்களுக்கு மூச்சு வாங்கியது. 1500 மீற்றரில் அமெரிக்காவின் ஜிம் ரயனைப் பின்னால் விட்டுவிட்டு வந்தவர் கென்யாவின் கிப் கெய்னோ, அதுவும் பித்தப்பை நோவோடு. கெய்னோ பிறந்தது நந்தி மாவட்டத்தில். அதுவும் தேயிலை விளையும் பூமிதான். அங்கேயும் கொழுந்துக் கூடை, மலைச்சரிவு, பனி எல்லாம் உண்டு.

அப்புறம் ஏன் நமக்கு வரவில்லை? மலை மட்டும் போதுமென்றால் நம் கொழுந்தெடுக்கும் அம்மாமார் எப்போதோ மரதன் ஜெயித்திருக்க வேண்டும். அங்கே பயிற்சி முகாம் இருக்கிறது, ஓடிப் பிழைக்கலாம் என்பதைக் காட்ட அடுத்த வீட்டில் ஒரு அண்ணன் இருக்கிறான். இங்கே மலை இருக்கிறது, சமதரை இல்லை. எத்தனையோ தோட்டத்தில், காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பிரட்டுக்களம்தான் மைதானம். 100 மீற்றருக்கு நேர்க்கோடு கிடைக்காமல், 80 மீற்றரில் தேயிலைச் செடிக்குள் போய் நிற்கும் பிள்ளைகளை வைத்துக்கொண்டுதான் நான் வேலை பார்த்தேன்.

கட்டுகஸ்தோட்டை: முரளியின் 800-ஆவது விக்கெட்தானே உங்களுக்குப் பிடித்த தருணம்?

இல்லை. காலி, 2010 ஜூலை, ஆட ஆரம்பிக்கும்போது 792, கடைசிப் பந்தில் ஓஜாவின் மட்டையில் பட்டு மஹேலவின் கைக்குப் போனது 800. அழகுதான். ஆனால் எழுதி வைத்த மாதிரி அழகு.

எனக்கு 1998 லண்டன் ஓவல் டெஸ்ட்தான். முதலில் ஆடிய இங்கிலாந்து 445 அடித்தது, அதிலேயே முரளிக்கு 7 விக்கெட். இரண்டாவது இன்னிங்ஸில் 65 ஓட்டங்களுக்கு 9. பத்தாவது யார் என்கிறீர்களா? அலெக் ஸ்டுவர்ட் ரன் அவுட்! மொத்தம் 113.5 ஓவர், அதாவது 683 பந்து, ஒரே போட்டியில். வீட்டு முற்றத்தில் ஒரு பந்தை 683 தரம் போட்டுப் பாருங்கள், தோள் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டிவரும். இதற்கு இரண்டரை வருடத்துக்கு முன்னால்தான், 1995 மெல்பேர்னில், கையை மடக்கி எறிகிறான் என்று ஒரே நாளில் ஏழு தரம் நோ போல் கொடுத்திருந்தார்கள்.

தோட்டத்து வேலைக்கென்று இந்தியாவிலிருந்து வந்தவரின் பேரன் அவர், உங்கள் ஊர் புனித அந்தோனியார் கல்லூரிப் பிள்ளை. முதல் பதிலில் சொன்ன 1948-ஐ இந்த இடத்தில் ஒருதரம் நினைத்துக்கொள்ளுங்கள்.

கொட்டகலையிலிருந்து ஒரு அம்மா: மகள் நன்றாக ஓடுகிறாள் சேர். கட்டைக் காற்சட்டை போட்டு ஓட விடுகிறேன் என்று சொந்தக்காரர்கள் பேசுகிறார்கள். நிறுத்தவா?

நிறுத்த வேண்டாம் அம்மா. பெண்களுக்கு ஒலிம்பிக்கில் 400 மீற்றர் சட்டவேலி ஓட்டம் வைத்ததே 1984-இல்தான். அந்த முதல் தங்கத்தை எடுத்தவர் மொரோக்கோவின் நவால் எல் முத்தவாக்கில். அவர் ஊரிலும் பேச ஆள் இருந்திருக்கும்தானே. அதே ஓட்டத்தில் கேரளத்து பி.டி. உஷா 55.42, மூன்றாவதாக வந்த ருமேனியப் பெண் 55.41. திரும்பவும் அதே நூறில் ஒரு பங்கு.

இவ்வளவு தூரம் போக வேண்டாம், கண்டி மாவட்டத்துக்குள்ளேயே இருக்கிறார் தருஷி கருணாரத்ன. தங்கம் எடுத்தபோது வலல ஏ. ரத்நாயக்க மத்திய கல்லூரி மாணவி. 2023-இல் சீனாவின் ஹாங்சூ ஆசிய விளையாட்டில் 800 மீற்றரை 2 நிமிடம் 3.20 செக்கனில் ஓடித் தங்கம் எடுத்தார். ஆசிய விளையாட்டின் மெய்வல்லுநரில், அதாவது ஓட்டம், பாய்தல், எறிதல் போட்டிகளில், இலங்கைக்கு 21 வருடத்துக்குப் பிறகு வந்த தங்கம் அது. வீட்டில் பேசுபவர்களுக்கு அந்த ஓட்டத்தைப் போனில் போட்டுக் காட்டுங்கள். வயிற்றுக்கு மட்டும் கவனமாகப் பாருங்கள். காலையில் வெறும் பிளேன்டீயோடு பயிற்சிக்கு வரும் பெண்பிள்ளைகள்தான் மத்தியானம் மயங்கி விழுவார்கள். அவித்த கடலை, ஒரு முட்டை, முடிந்ததைக் கொடுங்கள்.

லிந்துலை: அபேபே பிகிலா வெறுங்காலோடு ஓடி ஜெயித்தாரே, பிறகு ஏன் சப்பாத்துக்குச் செலவழிக்க வேண்டும்?

1960 ரோமில் வெறுங்கால், உண்மை. கொடுத்த சப்பாத்து காலுக்குச் சரிவரவில்லை. ஆனால் நாலு வருடம் கழித்து டோக்கியோ மரதனையும் அவர்தான் ஜெயித்தார், அதுவும் குடல்வால் சத்திரசிகிச்சை முடிந்து சில கிழமையில். அப்போது காலில் சப்பாத்து இருந்தது. அந்தப் பாதியை யாரும் சொல்வதில்லை. வாங்க முடியாததை வீரமாக்கிப் பேசாதீர்கள். நம் மைதானத்தில் கல்லும் உண்டு, மழைக்கு அட்டையும் உண்டு.

பண்டாரவளை: தோற்றுப்போன யாரையாவது சொல்லுங்களேன், ஜெயித்தவர்களைக் கேட்டுச் சலித்துவிட்டது.

1964 டோக்கியோ, 10,000 மீற்றர். ஜெயித்தது அமெரிக்காவின் பில்லி மில்ஸ், அவரை யாரும் எதிர்பார்க்கவில்லை. நான் சொல்லப்போவது கடைசி ஆளை. ரணதுங்க கருணானந்த, நம் நாட்டுக்காரர், முதுகில் 67. மற்ற எல்லாரும் முடித்து மூச்சு வாங்கிக்கொண்டிருக்க, இவர் தனியாகச் சுற்றிக்கொண்டிருந்தார். முதலில் சனம் சிரித்தது. இன்னொரு சுற்று வந்தார். சிரிப்பு நின்றது. அடுத்த சுற்றில் மைதானமே எழும்பிக் கைதட்டியது. ஜப்பான் பள்ளிப் பாடப்புத்தகத்தில் அந்த 67 பாடமாக வந்தது. நம் பிள்ளைகளிடம் கேட்டால் பெயர்கூடத் தெரியாது. ஓட்டம் முடிந்தது என்று கடைசிப் பிள்ளை வருமுன் கோட்டு நாடாவைச் சுருட்டும் ஆசிரியர்களுக்கு இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது.

ஹப்புத்தளையிலிருந்து ஒரு ஆசிரியர்: தமிழர் ஒருவர் ஆசியத் தங்கம் எடுத்ததாகக் கேள்வி. உயரம் பாய்தல் பழக்க ஏதாவது சொல்லுங்கள்.

யாழ்ப்பாணத்து நாகலிங்கம் எதிர்வீரசிங்கம். 1958 டோக்கியோ ஆசிய விளையாட்டில் 2.03 மீற்றர். ஆசிய விளையாட்டில் இலங்கைக்குக் கிடைத்த முதல் தங்கமே அதுதான். 1952, 1956 இரண்டு ஒலிம்பிக்கிலும் பாய்ந்தார். முதுகால் விழும் ஃபொஸ்பரி முறை உலகத்துக்குத் தெரிய வந்ததே 1968-இல், அதற்குப் பத்து வருடம் முன்னாலேயே இவர் இரண்டு மீற்றரைத் தாண்டிவிட்டார். ஆகவே மெத்தை இல்லாத பாடசாலையில் தயவுசெய்து ஃபொஸ்பரி பழக்காதீர்கள் சேர், கழுத்து போய்விடும். மண் குழியில் கத்தரிப் பாய்ச்சலே போதும், மெத்தை வந்த பிறகு மாற்றலாம்.

தலவாக்கலை: எல்லாக் காலத்துக்கும் பெரிய வீரர் யார்?

இந்த விளையாட்டுக்கு நான் வரவில்லை.

மஸ்கெலியா, திரும்பவும்: மகனைக் கூட்டிக்கொண்டு சனிக்கிழமை வந்தால் ஒருதரம் நேரம் எடுத்துத் தருவீர்களா சேர்?

வாருங்கள் தம்பி, காலை ஏழு மணிக்கு முன்னால், மழைக்கு முன் முடித்துவிடலாம். நாடாவும் பலகையும் என்னிடம் இருக்கின்றன. கடிகாரத்துக்கு பட்டரி மட்டும் ஒன்று வாங்கி வாருங்கள்.