கெரஸ் தோற்ற இரண்டு ஆட்டங்கள்

அன்புள்ள ஐயா,

எனக்கு 36 வயது. நான்கு வருடமாகச் செஸ் போட்டிகளில் ஆடிவருகிறேன். ரேட்டிங் 1480-க்கு மேல் ஏற மறுக்கிறது. வெள்ளைக்கு லண்டன் சிஸ்டம் என்ற ஓப்பனிங்கை (தொடக்கமுறை) ஆடிக்கொண்டிருந்தேன். சலித்துப்போய், சென்ற ஆண்டு குயின்ஸ் கேம்பிட் என்ற இன்னொரு ஓப்பனிங்குக்கு ஒரு வீடியோ கோர்ஸ் வாங்கி, அதில் எக்ஸ்சேஞ்ச் வேரியேஷன் என்ற கிளையை 18 நகர்த்தல் வரை மனப்பாடம் செய்தேன். போன மாதம் எதிராளி 9-வது நகர்த்தலிலேயே கோர்ஸில் இல்லாத ஒன்றை ஆடினார். அதற்குப் பிறகு என்ன செய்வதென்றே தெரியாமல் தோற்றேன்.

பழைய மேதைகளின் ஆட்டங்களைப் பார்க்கச் சொல்கிறார்கள். முந்நூறு ஆட்டமாவது பார்த்திருப்பேன், ஒன்றும் நிற்கவில்லை. கம்ப்யூட்டர் இவ்வளவு வளர்ந்தபின் 1950-ல் ஆடியதைப் பார்த்து என்ன ஆகப்போகிறது என்றும் தோன்றுகிறது. லண்டனுக்கே திரும்பிவிடலாமா, குயின்ஸ் கேம்பிட்டைத் தொடரலாமா? இந்த வயதில் இனி ஏற முடியுமா?

அன்புடன்,
மு., கரூர்

*

அன்புள்ள மு.,

வயதை விடுங்கள். கோர்ஸுக்குப் போன காசும் போகட்டும். உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது ஒரே வரி: 'முந்நூறு ஆட்டமாவது பார்த்திருப்பேன், ஒன்றும் நிற்கவில்லை.'

நீங்கள் முந்நூறு ஆட்டம் பார்க்கவில்லை. முந்நூறு ஆட்டங்களுக்கு அம்புக்குறிப் பொத்தானை அழுத்தியிருக்கிறீர்கள். நாற்பது நகர்த்தல் மூன்று நிமிடத்தில் ஓடி முடிகிறது, யாரோ தோற்கிறார்கள், உடனே அடுத்த ஆட்டம். அப்படி மூவாயிரம் பார்த்தாலும் ஒன்றும் நிற்காது. கோபத்தில் சொல்லவில்லை. நான்கு வருடம் விடாமல் முயலும் ஒருவருடைய உழைப்பு இப்படி வடிந்து போவதைப் பார்க்க மனசு கேட்கவில்லை.

நீங்கள் மனப்பாடம் செய்த அதே எக்ஸ்சேஞ்ச் வேரியேஷனில் இரண்டே இரண்டு ஆட்டங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத வேண்டும் என்று கொஞ்ச நாளாக நினைத்திருந்தேன். இரண்டிலும் கறுப்புக் காய்கள் எஸ்தோனியாவின் பால் கெரஸுக்கு. உலக சாம்பியன் பட்டத்தின் வாசல்வரை வந்து வந்து திரும்பிய மாபெரும் ஆட்டக்காரர். முதல் ஆட்டம் 1948-ல், தி ஹேக்கிலும் மாஸ்கோவிலும் நடந்த உலக சாம்பியன் போட்டித் தொடரில், சோவியத் ஆட்டக்காரர் ஸ்மிஸ்லாவுக்கு எதிராக. இரண்டாவது 1952-ல், சோவியத் சாம்பியன்ஷிப்பில், அன்றைய உலக சாம்பியன் போட்வின்னிக்குக்கு எதிராக. இரண்டிலும் தோற்றார். ஒரே சிப்பாய் அமைப்பில், நேர் எதிரான இரண்டு திட்டங்களிடம் தோற்றார். இந்த இரண்டையும் ஒழுங்காகப் படித்தவருக்கு அந்தக் கோர்ஸில் பாதி தேவைப்படாது.

பலகையை எடுங்கள். திரை வேண்டாம், மரப்பலகையே போதும். காய்களையெல்லாம் ஒதுக்கிவிட்டுச் சிப்பாய்களை மட்டும் வையுங்கள். (கட்டத்தின் பெயரில் எழுத்து நெடுவரிசை, எண் வெள்ளையின் பக்கத்திலிருந்து எண்ணும் குறுக்குவரிசை.) வெள்ளைக்கு ஏ2, பி2, டி4, இ3, எஃப்2, ஜி2, எச்2. கறுப்புக்கு ஏ7, பி7, சி6, டி5, எஃப்7, ஜி7, எச்7. இதற்குக் கார்ல்ஸ்பாத் அமைப்பு என்று பெயர். சி சிப்பாயால் டி5-ல் வெட்டி, இ சிப்பாயால் திருப்பி வெட்டியதும் பிறப்பது. எண்ணிப் பாருங்கள்: ராணிப் பக்கத்தில் வெள்ளைக்கு இரண்டு, கறுப்புக்கு மூன்று. ராஜா பக்கத்தில், இ ஃபைலையும் (நெடுவரிசை) சேர்த்து, வெள்ளைக்கு நான்கு, கறுப்புக்கு மூன்று. சி ஃபைல் வெள்ளைக்குப் பாதி திறந்திருக்கிறது, அதாவது தன் சிப்பாய் அங்கே இல்லை; இ ஃபைல் கறுப்புக்கு. உங்கள் எதிராளி 9-வது நகர்த்தலில் எதை ஆடியிருந்தாலும் இந்தப் பதினான்கு சிப்பாய்களும் இருந்த இடத்தில்தான் இருந்திருக்கும். அவற்றைப் பார்க்காமல் மனப்பாடத்தில் 10-வது வரியைத் தேடினீர்கள். தோற்றது அங்கேதான்.

ஸ்மிஸ்லாவ் ஆட்டத்தில் வெள்ளையின் குதிரை எஃப்3-ல் இருக்கிறது. 11-வது நகர்த்தலில் அவர் யானையை (ரூக்) ஏ1-லிருந்து பி1-க்குக் கொண்டுபோகிறார். 12-ல் பி4, 13-ல் பி5. இரண்டு சிப்பாய் மூன்று சிப்பாயை மோதுவதால் இதைச் சிறுபான்மைத் தாக்குதல் என்கிறார்கள். குறைவாக இருப்பவன் ஏன் மோத வேண்டும்? பி5 சிப்பாய் சி6-ல் வெட்டும்போது கறுப்பு எதனால் திருப்பி வெட்டினாலும் அங்கே ஒரு ஓட்டை விழுகிறது. பி சிப்பாயால் வெட்டினால் சி6 துணையில்லாமல் சி ஃபைலில் மாட்டிக்கொள்ளும். காயால் வெட்டினால் டி5 தனிச் சிப்பாயாகும், பி7 பாதி திறந்த பி ஃபைலில் வெள்ளை யானையின் எதிரே நிற்கும்.

கெரஸ் இரண்டாவது வழியை எடுத்தார், 14-ல் பிஷப்பால் வெட்டினார். ஸ்மிஸ்லாவ் அவசரப்படவில்லை. 15-ல் ராணி பி3. எஃப்6 குதிரையை வெட்டி, ராணி அதைத் திருப்பி எடுத்தால் டி5 சிப்பாய் போய்விடும் என்ற மிரட்டல் அதில் இருக்கிறது. கெரஸின் டி6 பிஷப் இ7-க்குத் திரும்ப வேண்டியதாயிற்று. 16-ல் எஃப்6-ல் வெட்டு, 17-ல் பிஷப் பி5, 20-ல் சி6-ல் பிஷப்புக்குப் பிஷப். இப்போது கறுப்பு பி சிப்பாயால்தான் எடுத்தாக வேண்டும். 14-ல் தவிர்த்த பலவீனம் 20-ல் வந்து உட்கார்ந்துவிட்டது. 21-ல் ராணி ஏ4, 22-ல் யானை பி7. இதற்கிடையில் எதிர்த்தாக்குதலுக்காகக் கெரஸ் எச்4 வரை ஓட்டிய சிப்பாயும் மிஞ்சவில்லை. 28-ல் வெள்ளைக் குதிரை டி4-லிருந்து பி3-க்கு விலகியதும் நான்காவது வரிசை முழுக்கத் திறக்கிறது. கறுப்பு பிஷப் எஃப்6-லிருந்து சி3-க்குப் போனதும் எச்4-க்குக் காவல் இல்லை. 29-ல் ஏ4-லிருந்த ராணி பலகையின் மறுகோடிக்குச் சறுக்கி அதை எடுத்தாள். 41-ல் ஆட்டம் முடிந்தது.

இனி 1952. இந்த ஆட்டத்தில்தான் நீங்கள் நிறைய நேரம் உட்கார வேண்டும்.

போட்வின்னிக் 9-வது நகர்த்தலில் குதிரையை எஃப்3-ல் வைக்கவில்லை, இ2-ல் வைத்தார். 10-ல் கேஸ்லிங், ராஜாவை ஓரமாகப் பத்திரப்படுத்தும் நகர்த்தல். 11-ல் யானை ஏ1-லிருந்து பி1. நான்கு வருடம் முன்பு ஸ்மிஸ்லாவ் ஆடிய அதே 11-வது நகர்த்தல்! யார் பார்த்தாலும் அடுத்து பி4 என்றுதான் நினைப்பார்கள். கெரஸ் 1948-ல் போலவே பிஷப்பை டி6-க்குக் கொண்டுவந்தார். குதிரை எஃப்3-ல் இருந்தபோது இதில் மிரட்டல் இல்லை. இ2-ல் இருப்பதால் எச்2-க்கு ராஜாவைத் தவிர காவல் கிடையாது. பிஷப் எச்2-ல் வெட்டிச் செக், ராஜா எடுக்க, குதிரை ஜி4-ல் செக், அடுத்து காவலில்லாத ஜி5 பிஷப்பை ராணி எடுத்துவிடும், ஒரு சிப்பாய் லாபம். ஆகவே 12-ல் ராஜா எச்1. இப்போது எச்2-ல் வெட்டினால் அது செக் அல்ல. வெள்ளை முதலில் எஃப்6 குதிரையை வெட்டி, பிறகு சாவகாசமாக எச்2 பிஷப்பை எடுத்துக்கொள்ளும்.

13-ல் எஃப்3. இந்தச் சின்ன நகர்த்தலில் எல்லாம் மாறுகிறது. அடுத்து இ4, அதன்பின் இ5 வந்தால் டி6 பிஷப்பும் எஃப்6 குதிரையும் ஒரே அடியில் மாட்டும். கெரஸ் மறுபடியும் பிஷப்பை இ7-க்குத் திருப்பினார். 14-ல் போட்வின்னிக் பி1 யானையை எடுத்து இ1-ல் வைத்தார். பி4 வரவே இல்லை. ராணிப் பக்கம் பார்த்து நின்ற படை நடுப்பலகைக்குத் திரும்பிவிட்டது.

15-ல் இ7-ல் பிஷப் மாற்று. யானைதான் அங்கே வந்து எடுத்தது, அதைக் குறித்துக்கொள்ளுங்கள். 16-ல் குதிரை ஜி3. 17-ல் ராணி எஃப்2. இந்த நகர்த்தலுக்கு மட்டும் பத்து நிமிடம் கொடுங்கள். அங்கிருந்து ராணி இரண்டாவது வரிசை வழியாக பி2-ஐக் காக்கிறாள், இ3 சிப்பாய் முன்னேறியதும் டி4-ஐக் காப்பாள், எஃப் ஃபைல் திறந்தால் யானையோடு சேர்ந்து பாய்வாள். ஒரு நகர்த்தலுக்கு மூன்று வேலை. 18-ல் குதிரை எஃப்5 வந்து அந்த இ7 யானையைத் தாக்க, கெரஸ் தன் பிஷப்பைக் கொடுத்து அந்தக் குதிரையை எடுத்தார். 19-ல் கறுப்பு ராணி பி6 வந்து பி2-ஐயும் டி4-ஐயும் ஒருசேரப் பார்க்கிறது, இரண்டும் ஏற்கனவே காவலில் இருக்கின்றன. 20-ல் இ4. 22-ல் இ5, 23-ல் குதிரை இ4, 24-ல் டி6. 37-ல் கறுப்பு சரணடைந்தது.

கறுப்புக்கு மருந்து இல்லையா? இருந்தது. வெள்ளை இ4-க்குத் தயாராகும் காலத்தில் சி5 என்று டி4-ஐ மோதியிருக்க வேண்டும். டி4 ஆட்டம் கண்டால் வெள்ளை இ4-க்குத் துணிய முடியாது. இந்த ஆட்டம் முழுக்கக் கெரஸின் சி6 சிப்பாய் தானாக ஓரடி முன்வைக்கவே இல்லை. பிற்பாடு டி5-ல் வெட்டத்தான் அசைந்தது.

இதிலிருந்து நீங்கள் எடுக்க வேண்டியது: குதிரை எஃப்3-ல் இருந்தால் எஃப் சிப்பாயின் வழி அடைபட்டிருக்கிறது, பி4-பி5 இயல்பான வழி. இ2-ல் இருந்தால் எஃப்3-இ4 திறந்திருக்கிறது. திட்டத்தை ஓப்பனிங்கின் பெயர் சொல்லாது, அந்த ஒரு குதிரை சொல்லும். இந்த வேறுபாடு தெரியாமல் 18 நகர்த்தல் மனப்பாடம் செய்வது, அர்த்தம் தெரியாமல் பாசுரம் ஒப்பிப்பது போல. நடுவில் ஒருவர் குறுக்கே கேள்வி கேட்டால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

1950-ல் ஆடியதால் என்ன ஆகும் என்று கேட்டீர்கள். 1988-ல் பெல்ஃபோர்ட்டில், போட்வின்னிக்கின் பள்ளியில் படித்த அன்றைய உலக சாம்பியன் கஸ்பரோவ், உல்ஃப் ஆண்டர்சனுக்கு எதிராக அதே குதிரையை இ2-ல் வைத்து 11-வது நகர்த்தலிலேயே எஃப்3 ஆடினார், ஜெயித்தார். பழையது என்று ஒதுக்காதீர்கள். இன்றைய வல்லவர்களின் ஆட்டத்தில் இரண்டு பக்கமும் எல்லா மிரட்டலையும் முன்கூட்டியே அடைத்துவிடுவதால் திட்டம் வெளியே தெரிவதில்லை. இந்தப் பழைய ஆட்டங்களில் ஒரு பக்கத் திட்டம் முதலிலிருந்து கடைசிவரை நிறைவேறுகிறது. கற்பவருக்கு வேண்டியது அதுதான்.

எப்படிப் படிப்பது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆட்டத்தைத் தாளில் அச்செடுத்து, ஒரு அட்டையால் மூடுங்கள். முதல் எட்டு நகர்த்தலை ஆடிவிடுங்கள். அதன்பின் வெள்ளையின் ஒவ்வொரு நகர்த்தலுக்கு முன்பும் மூன்று நிமிடம் யோசித்து, உங்கள் நகர்த்தலை நோட்டில் எழுதுங்கள், பக்கத்தில் காரணம் ஒரே வாக்கியத்தில். 'நல்ல இடம்' என்பது காரணம் அல்ல. 'பி2-ஐயும் டி4-ஐயும் காக்க' என்பது காரணம். பிறகு அட்டையை ஒரு வரி இறக்குங்கள். தப்பாகச் சொன்ன இடங்களில் வட்டம் போடுங்கள். ஓர் ஆட்டத்துக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும், ஆகட்டும். மறுநாள் வட்டம் போட்ட நிலைகளை மட்டும் மறுபடி வையுங்கள். மூன்றாம் நாள் ஒரு நண்பரைக் கூப்பிட்டு, 10-வது நகர்த்தலுக்குப் பிந்தைய நிலையிலிருந்து 15 நிமிட ஆட்டம் இரண்டு ஆடுங்கள், ஒன்று வெள்ளை, ஒன்று கறுப்பு. இன்ஜினை, அதாவது ஆட்டத்தை அலசும் கம்ப்யூட்டர் நிரலை, கடைசியில்தான் திறக்க வேண்டும். முதலிலேயே திறந்தால் யார் கை எவ்வளவு ஓங்கியிருக்கிறது என்று அது 0.3 போல ஓர் எண்ணையும் வேறொரு நகர்த்தலையும் காட்டும், நீங்கள் யோசிப்பதை நிறுத்திவிடுவீர்கள்.

ஆடும்போது சறுக்கும் இடங்களும் உண்டு. கறுப்பு ஏ5 ஆடியிருந்தால் உடனே பி4 கூடாது. ஏ3 ஆடிவிட்டுத்தான் பி4, ஆனால் ஏ ஃபைல் கறுப்பு யானைக்குத் திறக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள். எஃப்3 ஆடியபின் இ4 வரத் தாமதமானால் இ3 சிப்பாய் கறுப்பு யானையின் நேர் எதிரில் பலவீனமாக நிற்கும். அதனால்தான் போட்வின்னிக் இ1-ல் யானையை முதலில் வைத்தார்.

லண்டனா, குயின்ஸ் கேம்பிட்டா என்று கேட்டிருந்தீர்களே. லண்டனில் கறுப்பு சி5 ஆடி டி4-ல் வெட்ட, நீங்கள் இ சிப்பாயால் எடுத்தால், பலகையில் இருப்பது இதே கார்ல்ஸ்பாத்தான், நிறம் மாறி. அப்போது சிறுபான்மைத் தாக்குதல் உங்கள்மேல் வரும். காரோ-கான் என்ற ஓப்பனிங்கின் எக்ஸ்சேஞ்ச் கிளையிலும் அதே கதை. 1970-ல் பெல்கிரேடில் ஃபிஷர் பெட்ரோஸியனுக்கு எதிராக அந்த வெள்ளைப் பக்கத்திலிருந்து ஆடி, 11-ல் ஏ4 போட்டு, கறுப்பு பி5 வழியாக வெள்ளைக்கட்ட பிஷப்பை மாற்றிக்கொள்வதைத் தடுத்து, ஜெயித்தார். எதை வேண்டுமானாலும் ஆடுங்கள், மு. இரண்டிலும் இந்தச் சிப்பாய்களைத்தான் சந்திக்கப் போகிறீர்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஸ்மிஸ்லாவ் ஆட்டத்தை 14-வது நகர்த்தலில், சி6-ல் வெள்ளை வெட்டிய இடத்தில் நிறுத்துங்கள். கெரஸ் பிஷப்பால் எடுத்தார். பி சிப்பாயால் எடுத்திருந்தால் வெள்ளையின் அடுத்த ஐந்து நகர்த்தல்கள் என்ன? நோட்டில் எழுதி எனக்கு அனுப்புங்கள். இன்ஜினைத் திறப்பதற்கு முன்.