தாயின் அண்ணனும் அண்ணனின் தாயும்: உறவுகளின் இயற்கணிதம் – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கிறேன். ‘பெற்றோர்’ உறவையும் அதன் நேர்மாறான ‘பிள்ளை’ உறவையும் சேர்த்தால் ‘உடன்பிறப்பு’ கிடைக்கும் என்று அட்டவணை போட்டேன். ஆனால் ஒவ்வொருவரும் தமக்குத் தாமே உடன்பிறப்பாக வருகிறார்கள். எங்கே தவறு? – மாணவி, ஈசூன்

பதில்: உங்கள் சேர்ப்பில் தவறில்லை (ஓர் உறவில் நடந்து, அங்கிருந்து அடுத்த உறவில் நடப்பதே சேர்ப்பு). அதற்குப் பிறகு செய்ய வேண்டிய ஒரு கழித்தல் விட்டுப்போயிருக்கிறது. நான்கு பேரை வைத்துப் பார்ப்போம்: பாட்டி, அவருடைய மகள், மகன், மகளின் குழந்தை. நிரைகளையும் நிரல்களையும் இதே வரிசையில் வையுங்கள். ஒருவரின் நிரையில் அவருடைய பெற்றோருக்கு நேராக 1, மற்ற இடங்களில் 0.

பாட்டி: 0 0 0 0
மகள்: 1 0 0 0
மகன்: 1 0 0 0
குழந்தை: 0 1 0 0

நிரைகளை நிரல்களாகத் திருப்பினால் ‘பிள்ளை’ அட்டவணை வந்துவிடும். அதில் பாட்டியின் நிரை 0 1 1 0, மகளின் நிரை 0 0 0 1, மற்ற இருவருக்கும் வெறும் 0. இனிச் சேர்ப்பு. முதல் அட்டவணையில் மகளின் நிரையில் பாட்டிக்கு நேராக 1 இருக்கிறது. எனவே இரண்டாம் அட்டவணையில் பாட்டியின் நிரையை அப்படியே எடுத்து மகளுக்கு எழுதுங்கள்: 0 1 1 0. மகனுக்கும் அதுவே. குழந்தைக்கு 0 0 0 1. மேலே ஏறி அதே வழியில் இறங்கினால் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரலாம் அல்லவா? மூலைவிட்டத்தில், அதாவது ஒருவர் தமக்கே நேராக வரும் கட்டங்களில், 1 வருவது அதனால்தான். மூலைவிட்டத்தில் மட்டும் 1 உள்ள ‘தானே’ என்ற சமனி உறவைக் கழித்துவிடுங்கள். மகளுக்கு மகனும் மகனுக்கு மகளும் மிஞ்சுவார்கள்.

எந்தக் கட்டத்தில் கழிக்கிறோம் என்பதும் முக்கியம். பெற்றோரின் உடன்பிறப்பைத் தேடும்போது, முதலில் பெற்றோர், பெற்றோர், பிள்ளை என்று மூன்றையும் சேர்த்துவிட்டுக் கடைசியில் சமனியைக் கழிக்கிறார்கள் பலர். அப்போது குழந்தையின் நிரை 0 1 1 0 என்று நிற்கும். குழந்தையின் தாயே தன் குழந்தைக்குப் பெற்றோரின் உடன்பிறப்பாகிவிடுவார். குழந்தைக்கும் குழந்தைக்கும் நேரான கட்டத்தை மட்டுமே அந்தக் கழித்தல் தொடும், தாய்க்கு நேரான கட்டத்தைத் தொடாது. எனவே உடன்பிறப்பு அட்டவணையை முதலில் கழித்துச் சுத்தமாக்கிவிட்டு, அதன்பின் ‘பெற்றோர்’ உறவை அதற்கு முன்னால் சேருங்கள்.

இன்னொன்று: ஒருவரின் நிரையில் இரண்டு பெற்றோருக்கு நேராக 1 இருந்தால், அந்த இருவரின் நிரைகளையும் கூட்ட வேண்டும். இந்தக் கணக்கில் 1ஐயும் 1ஐயும் கூட்டினால் 1தான். தாய், தந்தை இருவரையும் அட்டவணையில் வைத்துச் சாதாரணக் கூட்டல் போட்டால் சில கட்டங்களில் 2 வரும். அது பிழையல்ல. இருவருக்கும் பெற்றோர் இருவருமே பொது என்று அந்த 2 சொல்கிறது. 1 வந்தால் ஒருவர் மட்டுமே பொது.

கேள்வி: பாடநூலில் உள்ள விடையும் என் விடையும் எப்போதும் தலைகீழ் வரிசையில் இருக்கின்றன. ஏன்? – ஜூரோங் வெஸ்ட் வாசகர்

பதில்: ஆங்கிலப் பாடநூல்களில் பல, மாமாவிடமிருந்து தொடங்கிக் குழந்தையிடம் முடிக்கும், அண்ணன் முன்னால், தாய் பின்னால். நாமோ ‘குழந்தையின் தாயின் அண்ணன்’ என்று குழந்தையிடமிருந்து நடக்கிறோம். இரண்டும் சரி, கலந்தால்தான் ஆபத்து: ‘தாயின் அண்ணன்’ மாமா, ‘அண்ணனின் தாய்’ பெரும்பாலும் நம் அம்மாவேதான். தாளின் தலையில் ‘இடப்பக்கம் இருப்பவரின் உறவு வலப்பக்கம் இருப்பவர்’ என்று எழுதிவிட்டுத் தொடங்குங்கள். அந்த ஏற்பாட்டில் சூத்திரமும் தமிழ்ச் சொற்றொடரும் ஒரே வரிசையில் ஓடும். ஆறாம் வேற்றுமை உருபே சேர்ப்புக்குறி.

நேர்மாறு எடுக்கும்போது மட்டும் வரிசை திரும்பும். எனக்கு அவர் ‘தாயின் அண்ணன்’ என்றால், அவருக்கு நான் ‘இளைய உடன்பிறப்பின் பிள்ளை’. ‘தாய்’ உறவின் நேர்மாறு பெண்ணிடமிருந்துதான் தொடங்கும் என்பதால் அந்த இளையவர் தங்கையாகத்தான் இருக்க முடியும். நேர்மாறையும் நிரப்பியையும் குழப்பாதீர்கள். ‘மாமா’வின் நேர்மாறு மருமகன் அல்லது மருமகள், நிரப்பியோ ‘மாமா அல்லாத எவரும்’.

கேள்வி: இந்தக் கணிதத்தைத் தொடங்கியவர் மதுரையில் பிறந்தவராமே, உண்மையா? – தோ பாயோ வாசகர்

பதில்: உண்மைதான். கணிதவியலாளர் அகஸ்டஸ் டிமார்கன் 1806 ஜூன் 27 அன்று மதுரையில் பிறந்தார். ஏழு மாதக் குழந்தையாக இருக்கும்போதே குடும்பம் இங்கிலாந்துக்குப் போய்விட்டது. ‘குதிரை விலங்கு, ஆகவே குதிரையின் தலை விலங்கின் தலை’ என்ற வாதம் யாருக்கும் புரியும். ஆனால் இரண்டு கூற்றுகளிலிருந்து மூன்றாவதைப் பெறும், அரிஸ்டாட்டில் வழிவந்த முக்கூற்று வாதத்தால் அதை நிறுவ முடியாது, ‘இன்னாரின் தலை’ என்ற உறவுக்கு அங்கே இடமில்லை. டிமார்கன் 1860 கட்டுரையில் அந்த இடத்தை உண்டாக்கினார். அதிலுள்ள ‘தேற்றம் கே’ நம் வீட்டுப் பேச்சிலேயே இருக்கிறது. தாயின் அண்ணன் மாமா என்று ஒப்புக்கொண்டால், ‘என் பிள்ளைக்கு அவர் மாமா இல்லை, எனவே அவர் எனக்கு அண்ணன் இல்லை’ என்று ஒரு தாய் உறுதியாகச் சொல்லலாம். ஒரு சேர்ப்பு விதியிலிருந்து, நேர்மாறையும் நிரப்பியையும் கொண்டு இன்னொரு விதியைப் பெறும் அழகான வழி இது.

அமெரிக்கரான பியர்ஸ் 1870இல் இதற்குக் குறியீடுகள் வகுத்தார். ஜெர்மானியரான ஷ்ரோடர் 1895இல் தம் நூலில் ஒரு தொகுதி முழுவதையும் இதற்கே ஒதுக்கினார். 1941இல் தர்க்கவியலாளர் டார்ஸ்கி இதற்கு அடிகோள்களை (நிறுவாமல் ஏற்கும் அடிப்படை விதிகளை) தந்தார். இதன் எல்லையும் தெளிவாகத் தெரிந்ததுதான்: மூன்று மாறிகளுக்குள், அதாவது ஒரே நேரத்தில் மூன்று பேரை மட்டும் சுட்டி, சொல்லக்கூடியதை மட்டுமே இந்த இயற்கணிதம் சொல்லும். ‘எந்த இருவரை எடுத்தாலும் நண்பர்களாக இருக்கும் நான்கு பேர் உண்டு’ என்பதை இதில் எழுதவே முடியாது.

கேள்வி: என் பிள்ளைகளுக்கு எல்லாரும் ‘அங்கிள்’தான். இதில் எதை இழக்கிறோம் என்று கணக்கால் காட்ட முடியுமா? – பொங்கோல் வாசகி

பதில்: முடியும். சொந்தத்துக்குள் மட்டும் எண்ணுவோம். தந்தையின் அண்ணன், தந்தையின் தம்பி, தாயின் அண்ணன், தாயின் தம்பி என நான்கு வழிகள். தாயின் அக்கா, தாயின் தங்கை, தந்தையின் அக்கா, தந்தையின் தங்கை ஆகியோரின் கணவர்கள் என இன்னும் நான்கு. இந்த எட்டும் தமிழில் மூன்று சொற்களாகின்றன: பெரியப்பாவுக்கு இரண்டு, சித்தப்பாவுக்கு இரண்டு, மாமாவுக்கு நான்கு. ‘அங்கிள்’ எட்டையும் ஒரே கணமாக ஒன்றாக்கிவிடுகிறது. ஒன்றாக்கிய பிறகு, யார் எந்த வழியில் வந்தார் என்பதை அந்தக் கணத்திலிருந்து மீட்க முடியாது. எனவே பிள்ளைகளோடு குடும்ப அட்டவணை போடும்போது எட்டு வழிகளையும் தனித்தனித் தாளில் எழுதி, கடைசியில் ஒன்றாக்குங்கள். மாமனாரையும் மாமா என்று அழைப்பதுண்டு. அதற்கு ஒன்பதாவது தாள் வேண்டும். தாய்மாமன் மகளை மணந்தவர் வீட்டில் ஒரே மனிதர் இரண்டு தாள்களிலும் வருவார். ஒரு பதிவு மிகுதி என்று அழித்துவிடாதீர்கள், இரண்டும் இருக்க வேண்டும்.