செட்டிநாட்டில் கடலே இல்லையே, கப்பல் படமெல்லாம் எங்கே எடுக்கிறீர்கள்?

கேட்டவர் இரண்டு கேள்விகளைச் சேர்த்தே கேட்டிருக்கிறார்: காரைக்குடிப் பக்கத்துக் குடும்பத்துக்குக் கப்பல் சாமான் வியாபாரம் எப்படி வந்தது, தமிழ்நாட்டில் கப்பல்களைப் படமெடுக்க எந்த இடம் நல்லது. முதலாவதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர்களில் கடல் இல்லை, ஆனால் கப்பல் ஏறாத குடும்பம் குறைவு. பர்மா, இலங்கை, மலாயா, சைகோன் என்று கொண்டுவிக்க (வெளிநாட்டில் வட்டித் தொழிலும் வியாபாரமும் செய்ய) போனவர்கள்தானே. எங்கள் ஐயா (அப்பாவின் அப்பா) பினாங்கில் ஒரு வட்டிக்கடையில் அடுத்தாளாக, அதாவது முதலாளியின் ஆளுக்கு உதவியாளராக, இருந்தவர். நாகப்பட்டினத்தில் கப்பல் கரைக்கு வராதாம், தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்குமாம், படகில் போய்த்தான் 'ரஜூலா'வில் ஏற வேண்டுமாம் (1926-இல் கட்டிய கப்பல் அது, எழுபதுகளின் தொடக்கம் வரை ஓடியது). வட்டிக்கடைக் காலம் முடிந்ததும் அப்பச்சி (எங்கள் அப்பா) தூத்துக்குடியில் கப்பல்களுக்குச் சாமான் கொடுக்கும் கடை போட்டார். கயிறு, பெயிண்ட், கிரீஸ், சாக்கிள் (இரும்புக் கொக்கி வளையம்), காய்கறி, அரிசி என்று எதையும் விடுவதில்லை. கப்பல் ஏஜென்ட்டிடமிருந்து பட்டியல் வரும், கப்பல் புறப்படுவதற்குள் சாமான் மேலே ஏறியாக வேண்டும், அது நடு ராத்திரியானாலும் சரி. இப்போது அண்ணன் பார்த்துக்கொள்கிறார், நான் கணக்குக்கும் கேமராவுக்குமாக அலைகிறேன்.

கப்பலுக்குள்ளேயே போய்வருகிறவன், ஜோராகப் படம் எடுப்பான் என்று நினைக்கிறீர்கள். அதுதான் இல்லை. துறைமுகத்துக்குள் அனுமதி இல்லாமல் படமெடுக்கக் கூடாது, அடையாள அட்டையைக் காட்டிச் சாமானோடு போய்ச் சாமானை இறக்கிவிட்டு வர வேண்டியதுதான். அனுமதியே கிடைத்தாலும் பக்கத்தில் நின்றால் தெரிவது ஒரு இரும்புச் சுவர், அவ்வளவே. கப்பல் முழுதாகத் தெரிய வேண்டுமானால் வெளியே, தள்ளி நிற்க வேண்டும்.

என் கணக்கில் முதல் இடம் தூத்துக்குடி. சொந்தக் கடை இருக்கும் ஊர் என்பதற்காகச் சொல்லவில்லை. கடலுக்குள் சுமார் 4 கிலோமீட்டர் நீளும் இரண்டு அலைதடுப்புச் சுவர்களுக்கு நடுவே இருக்கும் செயற்கைத் துறைமுகம் இது, ஆகவே உள்ளே வருகிற கப்பல் வேகத்தைக் குறைத்து, துறைமுகத்துக்குள் வழிகாட்டும் பைலட்டை ஏற்றிக்கொண்டு, இழுவைப் படகுகளோடு நிதானமாகத்தான் வர முடியும். படமெடுப்பவருக்கு வேறென்ன வேண்டும்? முயல் தீவுக் கடற்கரைப் பக்கம் மதியம் மூன்று மணிக்கு மேல் போங்கள். காலையில் சூரியன் எதிரே, கப்பல் கறுப்பாகத்தான் விழும், மாலையில் வெயில் உங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து கப்பலின் மேல் விழும். நம் கிழக்குக் கடற்கரை முழுவதற்கும் இதுதான் விதி, சூரிய உதயப் படம் வேண்டுமென்றால் மட்டும் அதிகாலையில் எழுந்திருங்கள். காற்றாலை இறக்கைகளை அடுக்கிக்கொண்டு போகும் கப்பல் கிடைத்தால் அன்று உங்களுக்கு யோகம். அனல்மின் நிலையத்துக்கு நிலக்கரி கொண்டுவரும் கப்பல்கள் வரும்போது நீரில் நன்றாக அமிழ்ந்து வரும், இறக்கிவிட்டுப் போகும்போது அடிப்பக்கச் சிவப்புப் பெயிண்ட் வெளியே தெரிய, முன்மூக்குக் குமிழ்கூடத் தண்ணீருக்கு மேலே வந்து நிற்கும். ஒரே கப்பலை இரண்டு தடவையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முன்பக்கம் கீழே வரிசையாக எண்கள் எழுதியிருக்கிறதே, மீட்டர் கணக்கில் எழுதியிருந்தால் ஒவ்வொரு எண்ணும் 10 சென்டிமீட்டர் உயரம், அதைப் படத்தில் பெரிதாக்கினால் கப்பல் எவ்வளவு ஆழம் அமிழ்ந்திருக்கிறது என்று நீங்களே படித்துவிடலாம்.

அதே ஊரில் பழைய துறைமுகத்துத் தோணிகள் இருக்கின்றன. மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப் போகும் மரத் தோணிகள். தென்மேற்குக் காற்று வலுக்கும் மாதங்களில் ஓடாது, பழுது பார்ப்பார்கள். பலகை இடுக்கில் பஞ்சைத் திணித்து உளியால் அடித்து இறுக்கும் கலப்பத்து வேலையை, கேட்டுக்கொண்டு, அவர்கள் கைக்குக் குறுக்கே நிற்காமல் எடுங்கள். கன்டெய்னர் கப்பல் படம் உலகம் பூராவும் கிடைக்கிறது, இது கிடைக்காது.

அடுத்தது எல்லோரும் சொல்லும் பாம்பன். 1914-இல் திறந்த பழைய ரயில் பாலத்துக்குப் பதிலாக 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலம், அதை மேலிருந்து பார்க்க 1988-இன் சாலைப் பாலம். புதியதில் 72.5 மீட்டர் நீளத் தூக்குப் பகுதி அப்படியே நேராக மேலே போகும். ஆனால் அங்கே கப்பல் தினமும் போகாது, பாலம் திறக்க அனுமதி கிடைக்கும்வரை இழுவைப் படகோ மிதவையோ ஓரமாகக் காத்து நிற்கும். செய்தித்தாளில் 'பாம்பனில் கப்பல் காத்திருப்பு' என்று பார்த்தால் உடனே கிளம்புங்கள், காரைக்குடியிலிருந்து ராமேஸ்வரம் ரயிலே இருக்கிறது. ரயிலிலிருந்து கப்பலை எடுக்கலாமா என்று ஒரு தம்பி கேட்டார். ரயில் போக வேண்டுமானால் பாலம் இறங்கியிருக்க வேண்டுமே தம்பி!

தொண்டி நமக்குப் பக்கம், தேவகோட்டை தாண்டினால் வந்துவிடும். ஆனால் பாக் நீரிணையில் ஆழம் குறைவு, பெரிய கப்பல்கள் இலங்கையைச் சுற்றித்தான் போகும். அங்கே வள்ளமும் விசைப்படகும்தான், அதுவும் அழகுதான். சென்னையில் மெரினா கலங்கரை விளக்கத்தின் மேல்தளம், சிங்கப்பூரில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போனால் லாப்ரடார் பூங்கா, அங்கே கப்பல்கள் கரைக்கு அவ்வளவு அருகில் போகும்.

எந்தக் கப்பல் எப்போது வருகிறது என்பதைப் போனிலேயே பார்க்கலாம், தாம் இருக்கும் இடத்தைச் சொல்லிக் கப்பல்கள் அனுப்பும் ஏஐஎஸ் சமிக்ஞையை வரைபடத்தில் காட்டும் செயலிகள் இருக்கின்றன. டிரோன் வேண்டாம், துறைமுகம், கடற்படை என்று தடை செய்த இடங்கள் இந்தக் கரை நெடுக உண்டு, பறக்கவிட்டுவிட்டு விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. லென்ஸ் 70-300 மி.மீ. போதும். போன் மட்டும்தான் இருக்கிறதென்றால் தோணியையும் பாம்பனையும் எடுங்கள், நங்கூரத்தில் நிற்கும் கப்பலை விட்டுவிடுங்கள், புள்ளியாகத்தான் விழும்.