விருந்தாளியோடு வந்த நாய்: வாசகர் கேள்வி-பதில்

தீபாவளி முடிந்து இரண்டு வாரம் ஆகிறது. சுங்கை சிப்புட் வட்டாரத்திலிருந்து வந்த கடிதங்களில் முக்கால்வாசி ஒரே விஷயம்தான். ஈப்போவிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் வந்த பிள்ளைகள், சொந்தக்காரர்கள் தங்கள் நாயையும் காரில் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார்கள். வாசலிலேயே சண்டை. வளர்த்த நாயைத் தனியாக விட்டுவர மனம் வராது, சரி. போகிற வீட்டில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது என்பதைத்தான் மறந்துவிடுகிறார்கள். ஒரே மாதிரியான கடிதங்களைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

*இரண்டும் கவ்விக்கொண்டன. கழுத்துப் பட்டையைப் பிடித்து இழுத்தேன், என் கையில் கடி விழுந்தது. வேறு எப்படித்தான் பிரிப்பது? (லிந்தாங்)*

கழுத்துப் பட்டையில் கை வைக்காதீர்கள். இதை எத்தனை தடவை எழுதிவிட்டேன்! சண்டையில் இருக்கும் நாய், முகத்துக்குப் பக்கத்தில் எது வந்தாலும் கடிக்கும். சோறு போட்ட கை, போடாத கை என்ற கணக்கெல்லாம் அப்போது கிடையாது.

முதலில் தண்ணீர். செடிக்கு ஊற்றும் ரப்பர் குழாயை முடுக்கி மூக்கைப் பார்த்து அடியுங்கள். குழாய் எட்டாவிட்டால் ஒரு வாளித் தண்ணீர். கூடவே சத்தம்: சட்டி மூடிகளை ஒன்றோடொன்று தட்டுங்கள், காரில் இருப்பவர் ஹார்னை அழுத்தட்டும். ஒரு நொடி திகைத்து வாயை விடும். அந்த நொடியில் நடுவே ஒரு பலகையோ தகரமோ பிளாஸ்டிக் நாற்காலியோ இறங்கிவிட வேண்டும்.

இதற்கும் மசியாவிட்டால் பின்னங்கால். இரண்டு ஆள் வேண்டும். ஆளுக்கு ஒரு நாயின் பின்னங்கால்களைத் தொடைக்குக் கிட்டே பிடித்துத் தூக்கி, கைவண்டியைப் பின்பக்கமாக இழுப்பதுபோல் இழுத்துக்கொண்டே பக்கவாட்டில் வளைந்து போங்கள். நேராக இழுத்தால் திரும்பி உங்களைக் கடிக்கும். வளைந்து போனால் முன்னங்காலில் விழாமல் நிற்பதற்கே அதற்கு நேரம் சரியாக இருக்கும். ஒன்று கவனம்: வாய் இன்னும் கவ்வியிருக்கும்போது இழுத்தால் மற்ற நாயின் தோல் கிழியும். தூக்கிப் பிடித்தபடி காத்திருங்கள். பிடியை மாற்ற வாயைத் திறக்கும்போது இழுங்கள். நீங்கள் ஒரே ஆள் என்றால், ஒரு நாயின் இடுப்பில் கயிற்றைச் சுருக்குப் போட்டுக் கம்பத்தில் கட்டிவிட்டு, மற்றதைப் பின்னங்காலைப் பிடித்து இழுங்கள்.

கட்டையால் அடிக்காதீர்கள், எதிரிதான் கடித்தது என்று நினைத்து இன்னும் இறுக்கும். மிளகாய்த்தூள் தூவலாமா என்று கேட்ட இருவருக்கும்: வேண்டாம், கண் போய்விடும், உங்கள் கண்ணும் சேர்த்து. பிரித்த பிறகு வேறு வேறு அறை, கதவு சாத்தி. உடனே சமாதானம் செய்து வைக்கிறேன் என்று கிளம்பாதீர்கள். அந்தச் சூடு இறங்கப் பல மணி நேரம் ஆகும். அன்றைக்கு அவ்வளவுதான்.

*எங்கள் நாய் வருகிற நாய்களோடு சண்டை போடுகிறது. என்ன செய்வது? உடனே பதில் தேவை. (ஊர் குறிப்பிடவில்லை)*

ஆணா பெண்ணா, வயது என்ன, எந்த அளவு, கட்டியிருந்ததா அவிழ்த்திருந்ததா, சோற்றுத் தட்டு பக்கத்தில் இருந்ததா? ஒன்றும் எழுதாமல் உடனே பதில் வேண்டுமாம். கிளினிக்குக்குப் போய் "வலிக்கிறது" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்காருவீர்களா? திரும்ப எழுதுங்கள்.

*வந்த நாய் வாலை ஆட்டிக்கொண்டேதான் கிட்டே வந்தது. பிறகு ஏன் பாய்ந்தது? (ஜாலோங்)*

வாலை ஆட்டினால் நட்பு என்று யார் சொல்லிக் கொடுத்தார்களோ! உடம்பெல்லாம் தளர்ந்து, பின்புறமே ஆடுகிற மாதிரி வால் ஆடினால் சரி. வால் உயரத் தூக்கி, விறைத்து, நுனி மட்டும் படபடவென்று ஆடினால் அது தயாராகிறது. கூடவே வாயைப் பாருங்கள். மூச்சு வாங்கிக்கொண்டிருந்த நாய் வாயைப் பட்டென்று மூடிக்கொண்டு அசையாமல் முறைத்தால் உங்களிடம் இரண்டு மூன்று நொடிதான் இருக்கிறது. பெயர் சொல்லிக் கூப்பிட்டு வேறு பக்கம் நடத்திக்கொண்டு போங்கள்.

*விருந்தாளி வருகிறார்கள் என்று எங்கள் நாயைக் கட்டிப் போட்டோம். அவர்கள் நாய் சும்மா சுற்றி விளையாடிக்கொண்டிருந்தது. கட்டியிருந்த எங்கள் நாய் திடீரென்று பாய்ந்து அதன் காதைக் கிழித்துவிட்டது. பத்து வருஷமாக வளர்த்த நாய், ஐயா. எல்லார் முன்னாலும் அவமானமாகப் போயிற்று. யாருக்காவது கொடுத்துவிடலாமா என்று பார்க்கிறோம். (ஈவூட்)*

கொடுக்காதீர்கள். கொஞ்சம் உட்கார்ந்து படியுங்கள், இது எனக்கு வயிற்றெரிச்சல் தருகிற விஷயம்.

இது நம் தோட்டத்துப் பழக்கம். விருந்தாளி வந்தால் அவருக்கு நாற்காலி, அவர் நாய்க்கு முழு வாசல். நம் வீட்டு நாய்க்கு நான்கடிச் சங்கிலி. மரியாதை என்று நினைத்துச் செய்கிறோம்.

நானே செய்தேன். இருபது வருஷத்துக்கு முன்னால் அப்பா வீட்டில். அப்போதே நான் கால்நடை வேலைக்கு வந்து பத்து வருஷம் ஆகியிருந்தது, அதனால் தெரியாமல் செய்தேன் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. மாமா தன் அல்சேஷன் நாயோடு வந்தார். காரை விட்டு இறங்குவதற்கு முன்பே, "நாயைக் கட்டுப்பா, என் பையன் பயப்படுவான்" என்றார். மாமாவிடம் முடியாது என்று எப்படிச் சொல்வது? எங்கள் மணியை ரம்புத்தான் மரத்தில் கட்டினேன். அல்சேஷன் மரத்தைச் சுற்றி வந்தது, மோந்தது, நேரே மணியின் எனாமல் தட்டுக்குப் போய் வாயை வைத்தது. மணி முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டது. உதட்டை நக்கியது. பின்னால் நகர்ந்து நகர்ந்து போய், சங்கிலி விறைத்து இனி நகர முடியாது என்ற இடத்தில் நின்றது. இவ்வளவையும் நான் பார்த்தேன். கையில் தட்டு, அதில் ஆறு கிளாஸ் ஓரஞ்சுத் தண்ணீர். கொடுத்துவிட்டு வரலாம் என்று உள்ளே போனேன்.

திரும்பி வருவதற்குள் முடிந்துவிட்டது. அவசரத்தில் கழுத்துப் பட்டையைப் பிடித்தேன். இடது கையில் ஐந்து தையல், தழும்பு இன்னும் இருக்கிறது. அன்றைக்கு எல்லாரும் திட்டியது மணியை. கட்டியவனை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பயந்த நாய்க்கு முதலில் தோன்றுவது விலகிப் போவது. அந்த வழியைச் சங்கிலி அடைத்துவிடுகிறது. மீதி இருப்பது எச்சரிப்பதும் கடிப்பதும்தான். எச்சரிப்பை யாரும் காதில் வாங்கவில்லை என்றால் ஒன்றுதான் பாக்கி. சங்கிலி விறைக்க விறைக்க ஆத்திரமும் ஏறும். உங்கள் நாய் திடீரென்று பாய்ந்ததாக எழுதியிருக்கிறீர்கள். திடீரென்று இருக்காது. நீங்கள் கேசரி பரிமாறிக்கொண்டிருந்திருப்பீர்கள்.

இரண்டும் வாரில் இருக்கட்டும், ஆளுக்கு ஒன்றைப் பிடித்துக்கொண்டு. பழகிய நாய்கள் என்றால் இரண்டும் அவிழ்ந்து இருக்கட்டும். இல்லையென்றால் ஒன்று மூடிய கதவுக்குப் பின்னால். ஒன்று கட்டி ஒன்று அவிழ்த்து என்பது மட்டும் எப்போதும் கூடாது. கதவுக்குப் பின்னால் போவது விருந்தாளி நாயாக இருந்தால் காரில் பூட்டிவிடாதீர்கள். நம் ஊர் வெயிலில், கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்தாலும், அரை மணியில் உள்ளே ஐம்பது டிகிரியைத் தொடும். நாய் செத்துப்போகும்.

*தெரு நாய்கள் மாதிரி அவையே தீர்த்துக்கொள்ளட்டும் என்கிறார் மாமனார். சரியா?*

இல்லை. தெரு நாய்க்கு ஓட இடம் இருக்கிறது. உங்கள் வாசலுக்கு வேலி இருக்கிறது.

*கடிபட்ட இடத்தில் சின்ன ஓட்டைதான். மஞ்சள் பற்றுப் போட்டோம். வலிக்குப் பாதி பனடோல் (பாராசிட்டமால்) மாத்திரை கொடுக்கலாமா? (சாலாக் உத்தாரா)*

கூடாது. பனடோல், ஐபுரூஃபன் இரண்டுமே நாய்க்கு விஷம் மாதிரி. மனுஷ மருந்து எதையும் மருத்துவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள்.

சின்ன ஓட்டைதான் என்னைப் பயமுறுத்துகிறது. பல் உள்ளே இறங்கி, பிடித்து உலுக்கும்போது மேல் தோலில் மிளகு அளவு ஓட்டை, அடியில் உள்ளங்கை அகலத்துக்குக் கிழிசல். மஞ்சளை அப்பி ஓட்டையை அடைத்தால் சீழ் உள்ளேயே கட்டும், இரண்டு மூன்று நாளில் எலுமிச்சை அளவு வீங்கி வரும். ஆற வைத்த ஒரு குவளை வெந்நீரில் அரைத் தேக்கரண்டி உப்பு கலந்து கழுவுங்கள். சுற்றி முடியை வெட்டிப் பாருங்கள், ஓட்டை ஒன்றோடு நிற்காது. அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள். ஷிட்ஸூ, பொமரேனியன் மாதிரி குட்டி நாயைப் பெரிய நாய் கவ்வி உலுக்கியிருந்தால், வெளியே ஒரு காயமும் தெரியாவிட்டாலும் உடனே கொண்டு போங்கள். நெஞ்சுக்குள்ளும் வயிற்றுக்குள்ளும் அடிபட்டிருக்கலாம்.

*பிரிக்கப் போன என் மகனுக்குக் கடி. நம் நாட்டில்தான் வெறிநாய் நோய் கிடையாதே, ஊசி எதற்கு?*

எந்தக் காலத்தில் இருக்கிறீர்கள்? 2012-இல் நோய் இல்லாத நாடு என்று பெயர் வாங்கினோம். 2015-இல் பெர்லிஸ், கெடா, பினாங்கில் வந்தது. சரவாக்கில் 2017-இல் தொடங்கி மனித உயிர்களே போயிருக்கின்றன. கடிபட்ட உடனே ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவுங்கள். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள், நம் ஆட்கள் ஒரு நிமிஷத்தையே பதினைந்து என்பார்கள். அப்புறம் மருத்துவமனை. ஊசி வேண்டுமா வேண்டாமா என்பதை அவர்கள் முடிவு செய்யட்டும். டெட்டனஸ் ஊசி எப்போது போட்டது என்று கேட்பார்கள், தெரிந்துகொண்டு போங்கள். கையில் கடி சீக்கிரம் சீழ் பிடிக்கும், தள்ளிப் போடாதீர்கள்.

*பள்ளி விடுமுறைக்குத் தங்கை தன் நாயோடு வந்து ஒரு வாரம் தங்கப் போகிறாள். எப்படிப் பழக்குவது? (சிம்மோர்)*

வருவதற்கு முன்னால் கேட்டீர்களே, உங்களுக்கு ஒரு கும்பிடு.

முதல் சந்திப்பு உங்கள் வாசலில் வேண்டாம். கேட்தான் சண்டை பிறக்கும் இடம். தங்கையை வீட்டுக்கு வரச் சொல்லாமல் திடலுக்கோ செம்பனைக் காட்டுப் பாதைக்கோ வரச் சொல்லுங்கள். இருவரும் ஒரே திசையில், இருபதடி இடைவெளி விட்டு, பேசிக்கொண்டே நடங்கள். நாய்கள் ஒன்றையொன்று நேருக்கு நேர் பார்க்கக் கூடாது, பக்கவாட்டில் பார்க்க வேண்டும். வாரைத் தொய்வாகப் பிடியுங்கள், நீங்கள் இறுக்கினால் அதுவும் இறுகும். உடம்பு தளரத் தளர இடைவெளியைக் குறைத்துக்கொண்டு வாருங்கள். அரை மணி நேரம் பிடிக்கும். மோந்து பார்க்க மூன்று நொடி போதும், பிறகு கூப்பிட்டு நடங்கள். வீட்டுக்குள் போகும்போது விருந்தாளி நாய் முதலில் நுழையட்டும், உங்களுடையது பின்னால். உள்ளே இருக்கும் நாய் வாசலை மறிக்கும்.

வீட்டில் தரையில் ஒரு தட்டோ எலும்போ பந்தோ கிடக்கக் கூடாது. சாப்பாடு தனித்தனி அறையில். நம் வீடுகளில் இன்னொன்று: சாப்பிட்ட வாழை இலைகளைக் கொல்லையில் குவித்துவிட்டு வந்து உட்கார்ந்துவிடுவோம். ஆட்டெலும்பு வாசனை அடிக்கிற அந்தக் குவியலில்தான் பாதிச் சண்டை ஆரம்பிக்கிறது. கட்டி மூடி, குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வாருங்கள். ஆள் இல்லாதபோது, ராத்திரி தூங்கும்போது, இரண்டையும் பிரித்து வையுங்கள். தடுப்பூசி அட்டையையும் கொண்டு வரச் சொல்லுங்கள். சண்டை வராவிட்டாலும் உண்ணியை விட்டுவிட்டுப் போகும் நாய்கள் உண்டு.

பட்டாசு வெடிக்கிற நாளில் மட்டும் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். ஏற்கெனவே நடுங்கிக்கொண்டிருக்கும் நாய்க்குப் புது நாயைக் காட்டுவது எரிகிறதில் எண்ணெய்.

*வந்த நாயைப் பார்த்து உறுமியது. இரண்டு அடி போட்டேன், அடங்கிவிட்டது. ஆனால் மறுநாள் உறுமாமலே கடித்துவிட்டதே?*

நீங்கள்தானே உறுமக் கூடாது என்று சொல்லிக் கொடுத்தீர்கள்? கடிக்கக் கூடாது என்று அது புரிந்துகொள்ளவில்லை. உறுமினால் வந்த நாயைத் தள்ளி வையுங்கள், அதைத்தான் அது கேட்கிறது.

*எங்கள் பெண் நாய் பருவத்தில் இருக்கிறது. அண்ணன் தன் இரண்டு ஆண் நாய்களோடு வரலாமா?*

அண்ணன் வரலாம். நாய்கள் மூன்று வாரம் கழித்து.

*ஒன்றாக வளர்ந்தவை சண்டை போடாதா என்று பார்க்க, பையன்கள் இரண்டு நாயை மோதவிட்டார்கள். விளையாட்டுத்தானே?*

2015-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டப்படி விலங்குகளை மோதவிடுவது குற்றம். இருபதாயிரம் வெள்ளி (ரிங்கிட்) முதல் ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது மூன்று வருஷம் வரை சிறை, அல்லது இரண்டும். பையன்களிடம் இந்தத் தொகையைச் சொல்லுங்கள்.

*மருத்துவச் செலவு யார் கொடுப்பது? மச்சானிடம் கேட்கச் சங்கடமாக இருக்கிறது.*

கேட்டுவிட்டுக் கொண்டுவந்திருந்தால் பாதிப் பாதி. கேட்காமல் கொண்டுவந்திருந்தால் முழுதும் அவர். ரசீதை வாட்ஸப்பில் அனுப்பிவிடுங்கள், பேசுவதை விட அது சுலபம்.

*தம்பி நாயும் எங்கள் நாயும் இரண்டு தடவை ரத்தம் வரச் சண்டை போட்டுவிட்டன. இரண்டும் பெண், ஒரே வயது. மூன்றாவது தடவை முயற்சி செய்யலாமா? (சுங்கை சிப்புட்)*

வேண்டாம். சில ஜோடிகள் ஒத்துப்போவதே இல்லை, பெண்ணும் பெண்ணும் பகைத்தால் அது இன்னும் நீளும். தம்பி வரும்போது அவர் நாய் பக்கத்து வீட்டிலோ முன் அறையிலோ இருக்கட்டும், உங்களுடையது பின்னால், நடுவே இரண்டு கதவு. ஒரு கதவு போதாது. யாராவது ஒரு குழந்தை "அம்மா, தண்ணீர்" என்று அதைத் திறந்துகொண்டு வரும்.